இருபத்துநான்கு கிராம்

மே 19

பாப்பாவுக்கு,

உறைமேல் என் கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடத் தோன்றும். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நம்மைப் பற்றிய கடிதம் இல்லை. ஒரு பறவைக் குஞ்சைப் பற்றியது.

எங்கள் கட்டடத்துக்கு வெளிப்பூச்சு நடக்கிறது. நான்காவது மாடியில் என் சமையலறை ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஓர் ஓட்டை உண்டு. முந்தாநாள் பெயின்டர் அதைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிட்டார். அரைமணி நேரம் கழித்து உள்ளேயிருந்து கீச்சுக் கீச்சென்று சத்தம். நான் ஜன்னலைத் திறந்து கத்தினேன். பாவம், அவர் கையாலேயே சிமெண்டைத் தோண்டி எடுத்தார். பெரிய பறவை ஒன்றும் இரண்டு குஞ்சுகளும் செத்திருந்தன. ஒன்றைத் தொப்பியில் வைத்து ஜன்னல் வழியாக நீட்டினார். "இது மட்டும் மூச்சு விடுதும்மா. எனக்குத் தெரியாதும்மா, சத்தியமா தெரியாது" என்றார். ஜோடிப் பறவை அன்று மாலை வரை சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தது. நேற்று வரவில்லை.

கறுப்பாக இருக்கிறது. வாய் அகலம், கால் இருக்கிறதா என்றே தெரியவில்லை. சாதம் கொடுத்தேன், துப்புகிறது. இங்கே இருக்கும் மிருக டாக்டர் நாயும் பூனையும்தான் பார்ப்பாராம். உன் பறவை ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்தேன். எடுத்த பெண் உன்னிடம் கேட்டுவிட்டு வந்து, "எதுவா இருந்தாலும் எழுதி அனுப்பச் சொல்றாங்க" என்றாள். எழுதிவிட்டேன். கூரியரில் போடுகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும்.

என்மேல் உள்ள கோபத்தை அதன்மேல் காட்டாதே.

அண்ணி

*

மே 20

சாதம் கொடுக்காதீர்கள். ரொட்டி, பால், முட்டை, இறைச்சி எதுவும் கூடாது. அது உழவாரன். பறக்கும் பூச்சியைத் தவிர வேறு எதையும் தின்னாத ஜாதி. செல்லப்பிராணிக் கடைகளில் பல்லி ஓணான் வளர்ப்பவர்களுக்காகச் சுவர்க்கோழிப் பூச்சி விற்பார்கள். அதை வாங்கி, காலைக் கிள்ளிவிட்டு, தண்ணீரில் முக்கிக் கொடுங்கள். தானாக வாயைத் திறக்காது. அலகின் ஓரத்தில் நகத்தை வைத்து மெல்லத் திறக்க வேண்டும். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது. நாக்குக்குப் பின்னால் மூச்சுத்துளை இருக்கிறது, ஊற்றினால் மூழ்கிச் சாகும். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மணிக்கு ஒரு தடவை. அட்டைப்பெட்டி, அடியில் மெல்லிய டிஷ்யூ பேப்பர், பக்கத்தில் வெந்நீர் பாட்டில்.

தினமும் காலையில் எடை பார்த்து எழுதுங்கள்.

அதற்குக் கால் உண்டு, நிற்கத்தான் முடியாது. சுவரைப் பற்றித் தொங்கும். ஒரு தடவை பறக்க ஆரம்பித்தால் வருஷக்கணக்கில் கீழே இறங்காது. தூங்குவதும் ஆகாயத்தில்தான். சிறகில் ஒரு குறை இருந்தாலும் அதற்குப் பிழைப்பு கிடையாது. அதனால் சொன்னதை மட்டும் செய்யுங்கள். உங்கள் யோசனை எதையும் சேர்க்காதீர்கள்.

ஃபோன் செய்யாதீர்கள். உங்கள் குரல் கேட்டால் எனக்கு வேலை ஓடாது.

*

மே 27

பாப்பாவுக்கு,

சொன்னபடியே எல்லாம் செய்கிறேன். எடை பார்ப்பதற்கு எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு நகைக்கடை கிடைத்தது. முதல் நாள் தராசில் வைத்தபோது இருபத்துநான்கு கிராம். நகைக்கடைக்காரர் சிரிக்காமல், "சரியா மூணு பவுன். ஆனா இந்த நகை கத்துதேம்மா" என்றார். அதற்கப்புறம் கீழே எழுதியிருப்பது போல ஏறிக்கொண்டு வருகிறது.

பெட்டியைத் தினமும் கடைக்கே கொண்டுபோகிறேன். லென்ஸ் தேய்க்கும் மெஷினின் சத்தம் ஆகாது என்று சரக்கு அறையில் வைத்திருக்கிறேன். முதலாளி பார்த்துவிட்டு, "இது கண்ணாடிக் கடையா, கால்நடைப் பண்ணையா?" என்று கேட்டார். பதினோரு வருஷத்தில் நான் அவரிடம் எதுவும் கேட்டதில்லை என்பதால் அதோடு விட்டுவிட்டார். ஃபிரேமுக்குத் திருகாணி மாட்டும் இடுக்கியால்தான் ஊட்டுகிறேன். முதல் சுவர்க்கோழியின் காலைக் கிள்ளியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இப்போது பேசிக்கொண்டே கிள்ளுகிறேன்.

பேசிக்கொண்டே என்று எழுதினேனே, அதைப் பற்றி ஒன்று. சனிக்கிழமை மாலை கடையிலிருந்து கிளம்பினால் திங்கள் காலைவரை நான் யாரிடமும் பேசுவது இல்லை. திங்களன்று முதல் ஆளிடம் "உட்காருங்க" என்று சொல்லும்போது குரல் கட்டிப்போய் வரும். தொண்டையைச் செருமிக்கொள்வேன். இந்த ஞாயிற்றுக்கிழமை அப்படி இல்லை. மணிக்கு ஒரு தடவை பெட்டியைத் திறக்க வேண்டியிருந்தது. கொஞ்சம் தாமதமானால் அது கத்துகிறது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு இந்த வீட்டில் என்னை ஒருவர் அதட்டுகிறார்.

உனக்கு இதெல்லாம் வேண்டாம். எடை மட்டும்தானே கேட்டாய். 24, 26, 28, 30, 32, 34, 36.

அண்ணி

*

ஜூன் 1

எடைக் கணக்கைப் பார்த்தேன். இரண்டு, இரண்டு, இரண்டு. ஏணிப்படி மாதிரி. பதினான்கு வருஷமாகக் குஞ்சுகளை நிறுக்கிறேன், எந்தக் குஞ்சும் இப்படி வளர்ந்ததில்லை. ஒருநாள் மூன்று ஏறும், மறுநாள் ஒன்று இறங்கும், பிறகு நின்ற இடத்தில் நிற்கும். இது நீங்கள் உட்கார்ந்து எழுதிய எடை.

ஏன் என்று கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும். கெட்ட சேதியைக் கையில் வைத்துக்கொண்டு நல்ல சேதி சொல்வது உங்களுக்குக் கைவந்த கலை. அண்ணன் ஐந்து வாரம் படுக்கையில் கிடந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் ஃபோன் செய்தேன். "நல்லா இருக்கார், இப்பத்தான் கண் அசந்தார்" என்று ஐந்து ஞாயிற்றுக்கிழமையும் சொன்னீர்கள். நானும் சிரித்துக்கொண்டே, "தூங்குமூஞ்சி, எழுந்ததும் பேசச் சொல்லுங்க" என்று வைத்தேன். வியாழக்கிழமை பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தீர்கள். தரை இன்னும் ஈரமாக இருந்தது. செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஈரத்தில் நின்றேன்.

அவன்தான் சொல்ல வேண்டாம் என்றான் என்கிறீர்கள். இருக்கலாம். செத்தவன் வந்து சாட்சி சொல்லப் போவதில்லை.

பறவைக்கு என்ன ஆயிற்று? உள்ளதை எழுதுங்கள்.

*

ஜூன் 2

பாப்பாவுக்கு,

உள்ளது இதுதான். இரண்டாவது நாளே கடையில் சுவர்க்கோழி தீர்ந்துவிட்டது. அடுத்த சரக்கு வர ஒன்பது நாள் ஆகும் என்றார்கள். வேறு இரண்டு கடை ஏறி இறங்கினேன், இல்லை. எடை இருபத்திரண்டுக்கு இறங்கியது. பயந்துபோய் முட்டையும் பூனைத் தீனியும் கொடுத்தேன். ஆவலாகத் தின்றது. எடையும் ஏறியது, ஆனால் நான் எழுதிய அளவுக்கு இல்லை. உனக்கு எழுதினால் நீ திட்டுவாய், அதற்குள் சுவர்க்கோழி வந்துவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

சரியாகவில்லை. இறகு முளைத்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பெரிய இறகிலும் குறுக்கே வெள்ளைக் கோடு மாதிரி ஒன்று ஓடுகிறது. நேற்று பெட்டிக்குள் சிறகடித்தபோது வலது சிறகில் மூன்று இறகு அந்தக் கோட்டில் ஒடிந்து விழுந்தன. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பேனாக்கத்தியால் நறுக்கியது போல இருக்கிறது. இன்று நிஜமான எடை முப்பத்து மூன்று.

நீ முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய், சிறகில் குறை இருந்தால் பிழைப்பு கிடையாது என்று. அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

உன் அண்ணன் விஷயம் நான் சொன்னதுதான். "அவளுக்கு இப்பத்தான் வேலை நிரந்தரமாகப் போகுது, லீவு போட்டா போயிடும், சொல்லாதே" என்றார். நான் சொல்லவில்லை.

இதை என்ன செய்வது? நீ சொல்வதை அப்படியே செய்கிறேன்.

அண்ணி

*

ஜூன் 4

பெட்டியோடு வாருங்கள். சனிக்கிழமை, காலை ரயிலில். துளை போட்டு, துணியால் மூடி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு நான் வரமாட்டேன். ஆஸ்பத்திரியின் பின்வாசலில், மருந்து வண்டி நிற்கும் இடத்தில் மணி இருக்கிறது, அடியுங்கள்.

செத்துப்போன உழவாரன்களின் இறகை நாங்கள் எடுத்து வைப்பதுண்டு. ஒடிந்த இறகின் காம்பு உள்ளே வெற்றுக் குழாய். அதற்குள் ஊசி மாதிரிச் சீவிய மூங்கில் குச்சியைச் செருகி, அதன்மேல் வேறு இறகை ஒட்ட வைக்கலாம். எங்கள் டாக்டருக்குக் கண் முன்பு போல இல்லை. எனக்குக் குச்சி சீவ வராது.

உங்கள் இடுக்கிகளை எடுத்து வாருங்கள்.

*

ஜூன் 9

பாப்பாவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். காலிப் பெட்டியை ஏன் கொண்டுவந்தேன் என்று தெரியவில்லை. உன்னிடமே விட்டிருக்கலாம். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த பெண்மணி, "உள்ள என்ன?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லைங்க" என்றேன். அப்படியும் மடியை விட்டு இறக்கவில்லை.

மூன்றரை மணி நேரம் ஒரே விளக்கின் கீழே எதிரெதிராக உட்கார்ந்திருந்தோம். நீ பறவையைப் பிடித்துக்கொண்டாய், நான் குச்சி சீவினேன். "இன்னும் கொஞ்சம்", "போதும்", "பிடிங்க", "விடுங்க". இதைத் தவிர நீ பேசிய வார்த்தை எனக்கு ஞாபகம் இல்லை. லென்ஸின் விளிம்பு தேய்க்கிற கைக்கு அந்த வேலை புதிதில்லை. ஆனால் கடைசி இறகுக்கு வந்தபோது என் கை ஓய்ந்துவிட்டது. நீ என் மணிக்கட்டுக்குக் கீழே ஒரு துண்டை மடித்து வைத்தாய். அதற்கு நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

உன் முன்தலை நரைத்துவிட்டது. குவார்ட்டர்ஸ் கதவைத் திறந்தபோது உள்ளே ஒரே ஒரு நாற்காலி தெரிந்தது. டீ குடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு, இன்னொரு டம்ளரைத் தேடிக்கொண்டு டாக்டர் அறைக்குப் போனாய். எனக்கு எதுவோ சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குள் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

இங்கே இன்று காலை ஆறு மணிக்கு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். பிறகுதான் ஊட்ட யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. சுவர்க்கோழி டப்பா ஒன்று மீதி இருக்கிறது. உள்ளே சத்தம் போடுகின்றன. என்ன செய்வதென்று தெரியாமல் அவற்றுக்குக் காரட் துருவிப் போட்டேன்.

அது தின்கிறதா என்று ஒரு வரி எழுது.

அண்ணி

*

ஜூன் 24

அண்ணி,

பறந்துவிட்டது.

ஒட்டிய இறகு மூன்றும் நின்றன. பதினைந்து நாள் சுவர்க்கோழி மட்டுமே கொடுத்தேன். எடை நாற்பத்தாறு வரை போய், பிறகு தானாகவே குறைய ஆரம்பித்தது. அது நல்ல அறிகுறி, கிளம்பத் தயாராகிறது என்று அர்த்தம். பெட்டியின் தரையில் சிறகை ஊன்றி உடம்பைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது, தண்டால் எடுப்பது மாதிரி. டாக்டரைக் கூட்டி வந்து காட்டினேன். "ஒட்டு எங்கே இருக்குன்னே தெரியலையே, யார் செஞ்சது?" என்றார். அண்ணி என்றேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் விளையாட்டு மைதானம் இருக்கிறது. மரம் இல்லாத இடம். உழவாரனை உள்ளங்கையில் வைத்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்க வேண்டும். வீசக் கூடாது. அதுவாகப் போக வேண்டும். முதல் நாள் நாற்பது நிமிஷம் நின்றேன், என் சட்டைக் கைக்குள் புகுந்துகொண்டது. இரண்டாம் நாள் கண்ணை மூடிக்கொண்டது. மூன்றாம் நாள், நேற்று காலை, உடம்பு முழுக்க நடுங்க ஆரம்பித்தது. குளிர் நடுக்கம் இல்லை, என்ஜின் சூடேறுவது போல. பிறகு கையில் கனம் இல்லை. ஓர் ஆள் உயரம் கீழே சரிந்தது. போயிற்று என்று நினைத்தேன். புல்லை உரசியபடி போய், எழும்பி, கோல் கம்பத்துக்கு மேலே, தண்ணீர்த் தொட்டிக்கு மேலே. மிக உயரத்தில் வேறு ஏழெட்டு சுற்றிக்கொண்டிருந்தன. அதற்கப்புறம் எது நம்முடையது என்று சொல்ல முடியவில்லை. கையை இறக்க மறந்து நின்றிருக்கிறேன். ஓடிக்கொண்டிருந்த ஒருவர், நான் யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

உங்களைக் கூப்பிட்டிருக்க வேண்டும். மூன்று நாளும் தோன்றியது. ஃபோனை எடுத்தேன், வைத்தேன். சேதி சொல்லாமல் இருப்பது எவ்வளவு சுலபம் என்று அப்போதுதான் தெரிந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தால் போதும்.

நீங்களாவது அண்ணன் கேட்டுக்கொண்டதால் என்னிடம் சொல்லவில்லை. நான் யாரும் கேட்காமலே உங்களிடம் சொல்லவில்லை. இரண்டு வருஷம் உங்களை என்னவெல்லாமோ நினைத்தேன், அதைப் பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொன்னேன். மன்னித்துக்கொள்ளுங்கள். அவன் பேச்சை நீங்கள் காப்பாற்றினீர்கள், அவ்வளவுதான்.

இன்னொரு டம்ளர் வாங்கி வைத்திருக்கிறேன்.

பாப்பா

*

ஜூன் 30

பாப்பாவுக்கு,

உன் கடிதத்தை ஐந்து நாளாகக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். கடையில் இரண்டு லென்ஸை உடைத்துவிட்டேன். முதலாளி உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நீ கேட்கும் மன்னிப்பை நான் வாங்கிக்கொள்ள முடியாது. அது எனக்குச் சேர வேண்டியது இல்லை.

சொல்லாதே என்று உன் அண்ணன் சொன்னது நிஜம். ஆனால் அது முதல் வாரம். கடைசி வாரத் திங்கட்கிழமை மத்தியானம், கட்டிலில் சாய்த்து உட்கார வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். இடது கை முடித்து வலது கையை எடுத்தேன். அப்போது சொன்னார்: "பாப்பாவ வரச் சொல்லு. அவ வந்தா வீடு கொஞ்சம் சத்தமா இருக்கும்."

நான் "சரி, சொல்றேன்" என்றேன். மீதி நகத்தையும் வெட்டினேன்.

பதினாறு வருஷம் அவரோடு இருந்தேன். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அது அவருக்குப் பிடிக்கும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்போமே, அதுதான் எங்கள் சந்தோஷம் என்று நினைத்திருந்தேன். கடைசியில் அவருக்கு வேண்டியிருந்தது சத்தம். உன் சத்தம். இன்னும் நாலு நாள் அவர் என்னிடம் மட்டும் இருக்கட்டும் என்று பிடிவாதம் வந்தது. நாலு நாள்தான் இருக்கும் என்று தெரியாது. தெரிந்திருந்தால் கூப்பிட்டிருப்பேன் என்று எழுத ஆசை. அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை, "சொன்னியா?" என்று கேட்டார். "லைன் கிடைக்கலைங்க" என்றேன். புதன்கிழமை கேட்கவில்லை. வாசல் தெரிகிற மாதிரிப் படுக்க வேண்டும் என்றார். கட்டிலைத் திருப்பிப் போட்டேன். அன்று முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதை நான் வந்த அந்தச் சனிக்கிழமையே உன் மேஜையில் சொல்லியிருக்க வேண்டும். நீ துண்டை மடித்து வைத்ததும் வாய் வரவில்லை. இப்போதும் எழுதாமல் விட்டிருந்தால் நீ வாங்கி வைத்திருக்கும் டம்ளரில் வந்து டீ குடித்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

பதில் எதிர்பார்க்கவில்லை.

அண்ணி

*

ஆகஸ்ட் 27

கடிதம் வந்து எட்டு வாரம் ஆகிறது. முதல் வாரம் அதை அடுப்பில் போடப் போனேன். அவன் என்னை வரச் சொன்ன அந்த ஒரு வரி அதில் இருந்ததால் போடவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. பேனாவை எடுத்தால் திருப்பிப் போட்ட கட்டில்தான் கண்ணில் வருகிறது. அதற்காக உங்களை வெறுக்கலாம் என்று உட்கார்ந்தால், மீதி நகத்தையும் வெட்டினேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில் வெறுப்பு வந்து நின்றுவிடுகிறது. அதைக் கேட்ட பிறகும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நகம் வெட்டியிருக்கிறீர்கள்.

இரண்டு வருஷமாக நான் என்ன நினைத்துக்கொண்டிருந்தேன் தெரியுமா? அவன் என்னைத் தேடாமலே போய்விட்டான் என்று. சொல்லாதே என்றானாமே, அப்படியானால் நான் அவ்வளவுதானா என்று. டூட்டி முடிந்து அறைக்கு வந்து கதவைச் சாத்தியதும் தினமும் அதுதான். தேடியிருக்கிறான். வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறான். அதை நினைத்தால் தாங்க முடியவில்லை. ஆனால் அது எனக்கு வேண்டும். நீங்கள் எழுதாமல் விட்டிருந்தால் எனக்கு அது கிடைத்திருக்காது.

உழவாரன்கள் எல்லாம் போன வாரம் இங்கிருந்து கிளம்பிவிட்டன. மைதானத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

இப்போது வர வேண்டாம். நீங்கள் எதிரே உட்கார்ந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. எழுதுங்கள். அந்த ஐந்து வாரத்தில் அவன் வேறு என்ன பேசினான், என்ன சாப்பிட்டான், எதற்குச் சிரித்தான், எல்லாம் எழுதுங்கள். எனக்குப் பிடிக்காததை விட்டுவிடாதீர்கள்.

கடிதத்தின் தலைப்பில், உங்களைக் கூப்பிட்டு எழுதும் இடத்தில், ஒரு வார்த்தையை எழுதி அடித்திருக்கிறேன். என்ன வார்த்தை என்று உங்களால் படிக்க முடியும். வேறு தாள் இருந்தது, எடுக்கவில்லை.

பாப்பா